குவாதலூப் தீவில் ஒரு நாள்: காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

பாரிஸிலிருந்து எட்டரை, ஒன்பது மணி நேரம் பறந்தால் குவாதலூப். கரீபியன் கடலில் இருந்தாலும் நிர்வாகத்தில் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ, பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து பாரிஸைச் சுற்றிக் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, குளிர்காலத்தில் வெயிலைத் தேடிப் போகும் ஊர் இது. அதனால் விடுமுறை நெருங்கினாலே யாராவது கேட்பார்கள்: "அண்ணே, ஒரு நாள் முழுக்க கையில கார் இருக்கு. என்னென்ன பார்க்கலாம்?"

அவர்கள் அனுப்பும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் எரிமலை, அப்புறம் அருவி, மதியத்துக்குள் கிழக்கு முனை, மூன்று மணிக்கு ஆமை, சாயங்காலம் வேறொரு கடற்கரை. நானும் முதல் தடவை இப்படித்தான் போட்டுக்கொண்டு போனேன். பாதி நாள் காரிலும், மீதி நாள் போன இடத்திலெல்லாம் ஏமாற்றத்திலும் கழிந்தது. இரண்டாம் தடவை போனபோதுதான் புரிந்தது: இந்தத் தீவில் எங்கே போகலாம் என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, காற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

காற்றை மறப்பது

வரைபடத்தில் குவாதலூப் சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். சுண்ணாம்புக்கல் நிலம், அதிக உயரமில்லை, கரும்பு வயல், வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர். எரிமலை, மழைக்காடு, அருவி, கறுத்த மணல். நடுவே ரிவியேர் சலே என்ற குறுகலான உப்புநீர்க் கால்வாய்.

'பாஸ்' என்றால் பிரெஞ்சில் தாழ்ந்தது. ஆனால் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்பதே பாஸ்-தேரில்தான். கரீபியன் கடலின் கிழக்கு ஓரமாக வரிசையாக நிற்கும் சின்ன அண்டில்ஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம் அது. அதைப் போய் யார் தாழ்ந்த நிலம் என்று சொன்னது என்று எல்லோருக்கும் தோன்றும். சொன்னவர்கள் பாய்மரக்காரர்கள். அவர்களுக்கு மேல், கீழ் என்பது மலையை வைத்து அல்ல, காற்றை வைத்து. காற்று வந்து மோதும் பக்கத்தைக் 'காபெஸ்தேர்' என்றார்கள். காற்றுக்கு மறைவான பக்கம் 'பாஸ்-தேர்'. இன்றும் கிழக்குக் கரையில் காபெஸ்தேர் என்ற ஊர் இருக்கிறது. தீவின் பெயர்களிலேயே வழி எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காரைக்கால் மீனவர்கள் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பார்கள். குவாதலூப்பில் ஆண்டு முழுக்கக் கொண்டல்தான். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் அந்தக் காற்று முதலில் கிராந்த்-தேரின் கிழக்கு முனையை அறையும். அங்கே தடுக்க மலை இல்லை, மழையும் குறைவு. அப்புறம் பாஸ்-தேர் மலையில் மோதி மேலே ஏறும், குளிர்ந்து கொட்டும். சூஃப்ரியேர் உச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் மழை. மலையைத் தாண்டி மேற்குக் கரைக்கு வரும்போது காற்றுக்கும் வேகமில்லை, கடலுக்கும் அலையில்லை. ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், ஓரிடத்தில் கொட்டும் மழையும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி நல்ல வெயிலும் இருப்பது இதனால்தான். விடுதி வாசலில் மழை பெய்கிறது என்று நாளையே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மறு சிறகில் குடை கேட்கும் அளவுக்கு வெயில்.

காற்றை மறந்தால் வரும் முதல் ஆபத்து அலை. கிழக்குக் கோடியில் புவாந்த்-தே-ஷாத்தோ என்ற முனை. குன்றின் மேல் ஒரு பெரிய சிலுவை; படியேறிப் போனால் எதிரே லா தெசிராத் தீவு நீளமாகப் படுத்திருப்பது தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதன் அடிவாரத்தில் இருக்கும் சின்ன மணற்கரை குளிப்பதற்கு அல்ல. அட்லாண்டிக் அலை நேராக வந்து பாறையில் அறைந்து, திரும்பும்போது ஆளை இழுத்துக்கொண்டு போகும். கரையோரச் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து நிற்கிறதா, தண்ணீரில் ஒருவர்கூட இல்லையா, அப்படியென்றால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிக்க அரை மணி நேரம் தெற்குக் கரையோரமாக வந்தால் சேந்த்-ஆன். அங்கே பவளப்பாறை வரிசை அலையை வெளியிலேயே உடைத்துவிடும். உள்ளே தண்ணீர் தொட்டியில் நிற்பது போல இருக்கும், குழந்தைகளுக்கு இடுப்பளவுதான்.

இரண்டாவது, சர்காஸ். மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி. 2011இலிருந்து இந்தத் தீவுகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்குகிறது. பெரும்பாலும் வசந்தமும் கோடையும் அதன் காலம். காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து தள்ளுவதால் கிழக்குக் கரைகளும் தெற்குக் கரைகளும்தான் அதிகம் மாட்டும். மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கிளம்பும். நாங்கள் முதல் தடவை போனது ஒரு ஏப்ரல் மாதம். படத்தில் நீலமாகத் தெரிந்த ஒரு கிழக்குக் கரைக்கு எதிரே வீடு பிடித்திருந்தோம். கதவைத் திறந்ததுமே மூக்கைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் மகளின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிருந்தது. வெள்ளியையே கறுக்க வைக்கும் காற்றைக் குழந்தைகள் சுவாசிக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தெயோ-பிரான்ஸ் இந்தத் தீவுகளுக்குச் சர்காஸ் வரத்தை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. வானிலை பார்ப்பது போல அதையும் முந்தின நாள் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அன்றைக்கு மேற்கே போங்கள்.

மூன்றாவது, வெயில். 16 பாகை வடக்கு. உச்சி வெயில் நம் ஊர் வெயில்தான். ஆனால் கொண்டல் அடித்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. நாம் கறுப்புத் தோல்காரர்கள், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நீந்தும்போது முதுகும், பின்னங்காலும், கழுத்தும் வெந்துபோகும். அன்றிரவு மல்லாந்து படுக்க முடியாது. கிரீம் மட்டும் போதாது, கையுள்ள பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்குங்கள்.

இரண்டு சிறகையும் ஒரே நாளில்

இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வரைபடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை விரலளவுதான். ஆனால் இரண்டு சிறகும் சேரும் இடத்தில்தான் புவாந்த்-ஆ-பித்ர் நகரமும், விமான நிலையமும், ஜார்ரி என்ற பெரிய தொழிற்பேட்டையும் இருக்கின்றன. தீவின் இரண்டு பக்கத்திலிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அங்கேதான் போய் நெருக்குவார்கள். வேலை நாளில் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் அந்த வழியே போனால் வண்டி நகராது. ஆறு மணிக்கே கிளம்புங்கள், இல்லாவிட்டால் நிதானமாக இட்லி, காப்பி முடித்து ஒன்பதுக்குக் கிளம்புங்கள். நடுவில் கிளம்பாதீர்கள். பஸ் இருக்கிறதே என்று நம்பி மேற்குக் கரைக்குப் போவதும் வேண்டாம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை. போய்விடலாம், திரும்புவதுதான் கஷ்டம்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு சிறகைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் மேற்கைச் சொல்வேன். காலையில் லா திராவெர்சே என்ற மலைச்சாலையில் ஏறுங்கள். தேசியப் பூங்காவின் காட்டுக்கு நடுவே போகும் அந்தச் சாலையிலேயே எக்ரெவிஸ் அருவி இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்தால் போதும், பாட்டி தாத்தாவும் வரலாம். எட்டு மணிக்குப் போனால் நீங்களும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும். பத்தரைக்குப் போனால் வண்டி நிறுத்த இடமிருக்காது. பிறகு அதே சாலையில் மேற்குக் கரைக்கு இறங்கி மலாந்தூர், அங்கே ஆமை. மதியச் சாப்பாடு. அப்புறம் வடக்கே தேயே ஊருக்குப் பக்கத்தில் கிராந்த்-ஆன்ஸ், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பொன்னிற மணல். மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலேயே இறங்கும். இவ்வளவுதான், ஒரு நாள் நிறைந்துவிடும்.

எரிமலையையும் இதில் சேர்க்காதீர்கள். சூஃப்ரியேர் ஏறி இறங்கவே பாதி நாள் வேண்டும். பாதி நாட்கள் உச்சி மேகத்துக்குள் இருக்கும். உச்சியில் சில பகுதிகளை வாயு வெளியேறுவதால் அடைத்து வைத்திருக்கிறார்கள். 1976இல் அது புகைந்தபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்து போனார்கள். கார்பே அருவிகளும் அப்படித்தான். இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, அதைப் பார்க்கத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள்.

ஆற்றில் இறங்கும்போது

மலை ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே மேலே உச்சியில் கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிறதா, இலையும் சுள்ளியும் வருகிறதா, சத்தம் மாறுகிறதா, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். வெள்ளம் வந்து சேர நிமிடங்கள் போதும்.

எரிமலை அடிவாரத்தில் இயற்கையான வெந்நீர்க் குளங்கள் உண்டு. உடம்பு வலிக்கு அவ்வளவு இதம். ஆனால் தலையை முக்காதீர்கள், குழந்தைகளை மூழ்கி விளையாட விடாதீர்கள். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் நெக்லேரியா என்ற அமீபா வெந்நீரில் வாழும். 2008இல் இந்தத் தீவில் ஒரு சிறுவன் அதனால் இறந்துபோனான். கழுத்துவரை உட்கார்ந்து எழுந்து வந்தால் பயமில்லை. ஆற்றில் இறால், நண்டு பிடித்துச் சமைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து பாஸ்-தேர் மண்ணிலும் ஆறுகளிலும் இன்னும் இருக்கிறது. இந்த மக்கள் தலைமுறையாகச் சுமக்கும் துயரம் அது.

சிவப்பு வளையம் போட்ட மரம்

கிராந்த்-ஆன்ஸ் கரையில் ஒரு சாயங்காலம். தேங்காய் சொர்பே விற்கும் அம்மா ஒருவர் மரத்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்குள் ஒரு தகர உருளை, சுற்றிலும் ஐஸும் கல்லுப்பும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே தேங்காய்ப்பால் இறுகிக்கொண்டு வரும்; பட்டை, வனிலா, எலுமிச்சைத் தோல் வாசனை. எங்களுக்குக் கரண்டியில் அள்ளிக்கொண்டிருக்கும்போதே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த அடர்ந்த மரத்தடிக்கு ஓடியது. அந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து கத்தினார்: "பா லா! பா லா!" அங்கே வேண்டாம், அங்கே வேண்டாம். அப்போதுதான் பார்த்தேன், அடிமரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம்.

அது மான்சினியே மரம். பளபளவென்ற பச்சை இலை, நல்ல நிழல், அடியில் குட்டி ஆப்பிள் போல மஞ்சள் பச்சைக் காய்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். மழை பெய்யும்போது இலையில் பட்டு ஒழுகும் தண்ணீரே பாலைக் கரைத்துக்கொண்டு வரும். அதனால்தான் வெயிலைவிட மழையில் அந்த மரம் மோசம். காயைக் கடித்தால் தொண்டை வெந்து வீங்கும். எல்லா மரத்திலும் சிவப்பு வளையம் இருக்கும் என்று நம்ப முடியாது, பெயின்ட் உரிந்திருக்கலாம். கடற்கரையில் எந்தக் காயையும் பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மழை வந்தால் தென்னைப் பக்கமும் போகாமல் (தேங்காய் விழும்) நனைந்துகொண்டே நில்லுங்கள். பத்து நிமிடத்தில் விட்டுவிடும், தண்ணீரும் குளிராது.

ஆமைக்கு மூச்சு விட இடம் கொடுங்கள்

மலாந்தூரில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே கடற்புல் மேடு. பச்சை ஆமைகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும், மாடு புல் மேய்வது போல அவ்வளவு நிதானமாக. நாம் பார்த்ததும் பரவசத்தில் மேலேயே போய் நின்றுவிடுகிறோம். ஆமை மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். தலைக்கு மேல் பத்துப் பேர் மிதந்தால் அது பயந்து திரும்பக் கீழே போகும், மூச்சில்லாமல் தவிக்கும். பத்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் அசையாமல் மிதந்தால் அதுவே உங்களைத் தாண்டிப் போகும். தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். எதிரே தெரியும் பிழோன் குட்டித்தீவுகளைச் சுற்றித்தான் கடல் ஆய்வாளர் குஸ்தோ பெயரில் சொல்லப்படும் கடல் காப்பகம். அங்கே பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள்.

சாப்பாடும் 'போன்ஜூரும்'

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை. இரண்டே காலுக்குப் போனால் சமையலறையை மூடியிருப்பார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். பிள்ளைகள் பசியில் அழும். அப்படி நேர்ந்தால் சாலையோர வண்டிகளில் பொக்கித் கேளுங்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து மீனோ கோழியோ வைத்துத் தருவார்கள். காரமிளகாய் வேண்டுமா என்று கேட்டால் கொஞ்சம் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த மிளகாய் வேறு ஜாதி.

எதைக் கேட்பதற்கு முன்னாலும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். கடையில் நுழைந்ததும் விலை கேட்டால் பதிலே வராது, நம்மை மதிக்கவில்லை என்று நாம் வருத்தப்படுவோம். மதிக்காமல் பேசியது நாம்தான். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடப்பதும் அவர்களுக்குப் பிடிக்காது. தி-பான்ச் என்று சின்னக் குவளையில் தரும் ரம் 50 சதவீதத்துக்கு மேல் போகும். வண்டி ஓட்டுபவர் தொடவே வேண்டாம்.

உணவு அட்டையில் 'கொலம்போ' என்று இருந்தால் அதைக் கேளுங்கள். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு அரைத்த பொடியில் செய்த கறி. குழம்பு என்ற நம் சொல்தான் அப்படி ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து வந்த முதல் கூலித் தொழிலாளர்களைப் புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புக்கு ஆள் இல்லாமல் போனதால் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆள் கொண்டுவந்தார்கள். 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடியவர் ஆன்ரி சிதம்பரம். காபெஸ்தேர் பக்கத்தில் ஷான்ஜி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே அவர்களுடைய கோயில் இருக்கிறது. மாரியம்மன் இங்கே மாலியேமின், மதுரை வீரன் மால்தெவிலின்.

நம்மவர்கள் அங்கே செய்யும் ஒரு தவறு என் மனதை உறுத்துகிறது. காரை நிறுத்தி, கடலில் நனைந்த அரைக்கால் சட்டையோடு உள்ளே போய், படம் எடுத்துவிட்டு, "தமிழ்கூடப் பேசத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நூற்று எழுபது ஆண்டுகளாக, மொழி கையைவிட்டுப் போன பிறகும், சாமி பெயரையும் குழம்பையும் விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள். வேட்டி தேவையில்லை, உலர்ந்த துணி போதும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது இருந்தால் போன்ஜூர் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள்.

கிளம்புமுன் இரண்டு விஷயம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஒரே விசாவை ஏற்கும் ஷெங்கன் பகுதி அல்ல. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல் கடந்த அந்தப் பகுதிக்கும் செல்லும் என்று விசாவில் குறிப்பிட்டிருக்க வேண்டும். பயணச்சீட்டு வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

இன்னொன்று இருட்டு. ஐரோப்பாவின் கோடை மாலை நீள்வது போல இங்கே நீளாது. டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், ஜூனில்கூட ஏழு மணியைத் தொடாது. இறங்கிய அரை மணிக்குள் கும்மிருட்டு. கிராந்த்-ஆன்ஸில் அஸ்தமனம் பார்த்தபிறகு மலைச்சாலை வழியாகத் திரும்பாதீர்கள். வளைவு, மழை, விளக்கில்லை. வடக்கே சேந்த்-ரோஸ் வழியாகக் கரையோரச் சாலையைப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் கூடினாலும் பரவாயில்லை. சன்னலை இறக்கி விட்டால் வழி நெடுக மரத்தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும்.